உதிர்ந்த இலையும் பழைய தாளும்: பிள்ளைகளோடு செய்யக்கூடிய காகிதக்கூழ்த் தோரணம்

ஆண்டு பிறந்து ஒரு மாதம் கழிந்ததும் ரப்பர்த் தோட்டங்களின் தோற்றம் மாறத் தொடங்குகிறது. மழை ஓய்ந்து வெயில் ஏறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், நிரை நிரையாக நிற்கும் மரங்களின் பசுமை மங்குகிறது. இலைகள் முதலில் மஞ்சளாகி, பின்னர் செம்பு நிறமடைந்து, இறுதியில் உதிர்ந்து நிலத்தை மூடுகின்றன. கெடா, பெர்லிஸ் போன்ற வட மாநிலங்களில் வறட்சிக் காலம் தெளிவாக அமைவதால், இம்மாற்றம் தோட்டம் முழுவதும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நிகழ்கிறது. தெற்கே செல்லச் செல்ல, மரத்துக்கு மரம் முன்பின்னாக நிகழ்கிறது.

நம் பிள்ளைகளின் ஆங்கிலப் பாட நூல்களில் இலையுதிர் காலம் என்னும் பாடம் வருவதுண்டு. அதில் காணப்படும் சிவந்த இலைகள் குளிர் நாடுகளில் வளரும் மேப்பிள் மரத்தின் இலைகள். அம்மரத்தை நம் பிள்ளைகள் கண்டதில்லை. ஆயினும், இலையுதிர் காலத்தைக் காணாத பிள்ளைகள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. வீட்டு வாசலிலிருந்து நூறு அடி தொலைவிலேயே அவர்களுக்கென்று ஓர் இலையுதிர் காலம் ஆண்டுதோறும் வந்து போகிறது. கடந்த சில பத்தாண்டுகளில் எத்தனையோ தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. செம்பனை ஆண்டு முழுவதும் ஒரே பசுமையாக நிற்கும் மரம். அதற்கு இலையுதிர் காலம் இல்லை. ஆகவே, ரப்பர்த் தோட்டத்தில் வாழும் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைக்கும் இக்காட்சியை அவர்கள் கூர்ந்து காணச் செய்வது பெற்றோராகிய நமது கடமையாகும்.

பால் வெட்டும் தொழிலாளர்களுக்கு இப்பருவம் மகிழ்ச்சியான பருவமன்று என்பதை நாம் அறிவோம். மங்கில் விழும் பால் குறைகிறது. சில தோட்டங்களில் வெட்டு நிறுத்தப்படுகிறது அல்லது குறைக்கப்படுகிறது. கையில் வரும் பணம் சுருங்குகின்ற இந்நாட்களில், பிள்ளைகளுக்குப் புதிதாக எதையும் வாங்கிக் கொடுக்க இயலாமற் போகிறது. அதே வேளையில், மற்ற மாதங்களில் கிடைக்காத சிறிது ஓய்வு நேரம் கிடைக்கிறது. செலவின்றி, பழைய செய்தித்தாள், ஒரு பிடி மாவு, உதிர்ந்த இலை ஆகியவற்றைக் கொண்டு பிள்ளைகளோடு அமர்ந்து செய்யக்கூடிய ஒரு கைவேலையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காகிதக்கூழ்க் கலையின் வரலாறு

பழைய தாளை நனைத்து, பசை சேர்த்து, அச்சின்மேல் ஒட்டி, உலர்த்திப் பொருள் செய்யும் கலைக்கு ஐரோப்பியர் பேப்பியே மாஷே என்று பெயரிட்டனர். அது பிரெஞ்சு மொழித் தொடர். மென்ற காகிதம் என்பது அதன் பொருள். ஆனால் இக்கலை ஐரோப்பாவில் பிறந்ததன்று. காகிதம் தோன்றிய சீன நாட்டிலும், பின்னர் பாரசீகத்திலும் வளர்ந்து, இந்தியாவின் வடக்கே காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் அது பெருஞ்சிறப்பு எய்தியது.

காஷ்மீரத்துக் கைவினைஞர்கள் பழந்தாளைப் பல நாட்கள் நீரில் ஊறவைத்து, கல்லுரலில் இடித்துக் கூழாக்கி, அரிசிக் கஞ்சியைக் கலந்து, மர அச்சின்மேல் பூசுவர். உலர்ந்தபின் அதனை அறுத்து அச்சிலிருந்து பிரித்து, மீண்டும் ஒட்டி, தேய்த்து மென்மையாக்கி, வெண்ணிறப் பூச்சிட்டு, அதன்மேல் ஓவியம் தீட்டுவர். உருவத்தைச் செய்பவர் ஒருவர், ஓவியம் தீட்டுபவர் மற்றொருவர் என அங்கே இரு பிரிவினர் உண்டு. அவர்கள் விரும்பித் தீட்டும் உருவங்களுள் முதன்மையானது சினார் மரத்தின் இலை. இலையுதிர் காலத்தில் காஷ்மீரம் முழுவதையும் தீப்பிடித்தாற்போல் சிவக்கச் செய்யும் மரம் அது. தம் வீட்டு வாசலில் உதிர்ந்த இலையையே அவர்கள் கலைப்பொருளாக்கினர். காஷ்மீரின் தலைநகரான ஸ்ரீநகர், 2021 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் கைவினைக்காகச் சேர்க்கப்பட்டது.

தமிழகத்திலும் இக்கலை உண்டு. தஞ்சாவூரில் செய்யப்படும் ஆட்டக்காரி பொம்மைகள் காகிதக்கூழால் ஆனவை. நவராத்திரிக் கொலுவில் வைக்கும் பொம்மைகளிலும் காகிதக்கூழ்ப் பொம்மைகள் பல. இவை ஒருபுறமிருக்க, சிற்றூர் வீடுகளில் பெண்கள் பழந்தாளை வெந்தயத்தோடு ஊறவைத்து உரலில் அரைத்து, இற்றுப்போன முறத்துக்கும் கூடைக்கும் பூசி, மேலும் சில ஆண்டுகள் உழைக்கச் செய்வதுண்டு. வெந்தயத்தின் வழவழப்பு பசையாகிறது. அதன் கசப்பு பூச்சிகளை அண்டவிடாமல் செய்கிறது என்பது அவர்களது நம்பிக்கை. உங்கள் இல்லத்தில் முதியவர் இருப்பின், முறம் மெழுகியது பற்றி அவரைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் கற்கவிருக்கும் இக்கைவேலை அவருக்கு முன்பே தெரிந்ததாக இருக்கலாம்.

மரம் ஏன் இலையை உதிர்க்கிறது?

வேலையைத் தொடங்குமுன் பிள்ளைகளை ஒருமுறை நிரைக்குள் அழைத்துச் செல்லுங்கள். உதிர்ந்த இலைகளுள் இன்னும் நொறுங்காமல் நெகிழ்வாக உள்ளவற்றைப் பொறுக்கச் சொல்லுங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, பழுப்பு என ஒவ்வொரு நிறத்திலும் சில இலைகள் போதும். அப்போது பிள்ளை நிச்சயம் ஒரு கேள்வி கேட்கும்: மரம் ஏன் இலையைக் கொட்டுகிறது?

விடை எளிது. இலைகளே மரத்தின் அடுக்களை. வெயிலையும் காற்றையும் நீரையும் கொண்டு அவை சர்க்கரையை உண்டாக்குகின்றன. மரம் வளர்வதும் அச்சர்க்கரையால். பட்டையில் பால் ஊறுவதும் அச்சர்க்கரையால். ஓராண்டு உழைத்த இலை முதுமையடைகிறது. அதன் பச்சைப் பொருள் சிதையும்போது, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. பின்னர்க் காம்பின் அடியில் ஒரு மெல்லிய தடுப்பு உண்டாகி, இலை உதிர்கிறது. சில வாரங்களில் செம்பு நிறத்தில் தளர்ந்து தொங்கும் புதிய கொழுந்துகள் தோன்றி, நாளடைவில் விறைத்துப் பச்சையாகின்றன. கொழுந்துகளை வளர்க்க மரம் தன் சேமிப்பைச் செலவிடுவதால், அக்காலத்தில் பால் குறைகிறது. அப்பா ஏன் இம்மாதம் குறைந்த பாலைச் சுமந்து வந்தார், அம்மா ஏன் கடையில் சிக்கனம் பார்த்தார் என்பதற்கெல்லாம் காரணம் இவ்விலையில் இருக்கிறது. அதனைப் பிள்ளை அறிந்துகொள்வது நன்று.

புதிய இலைகளோடு சிறிய மஞ்சள் பூக்களும் மலர்கின்றன. அவற்றுட் சில காயாகி, ஏறத்தாழ ஐந்து மாதங்களில் முற்றி, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பட்டென்னும் ஓசையோடு வெடித்து விதைகளைத் தெறிக்கின்றன. காய்க்கு மூன்று அறைகள்; அறைக்கு ஒரு விதை. இலையும் மூன்று சிற்றிலைகள் சேர்ந்ததே. இந்த மூன்று என்னும் எண்ணைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுங்கள். நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

தேவையான பொருள்கள்

1. பழைய செய்தித்தாள். வழுவழுப்பான வண்ணத் தாள் கூடாது. அதன்மேல் பூச்சு இருப்பதால் நீரை உறிஞ்சாது.
2. கோதுமை மாவு ஒரு குவளை. மரவள்ளி மாவாயின் அரைக் குவளை போதும்.
3. உப்பு ஒரு தேக்கரண்டி.
4. சமையல் எண்ணெய் சிறிதளவு.
5. தையல் நூல், சணல் கயிறு.
6. சுண்ணக்கட்டித் தூள், மஞ்சள் தூள், சலித்த செம்மண், காப்பித் தூள். பள்ளி வண்ணப் பெட்டி இருந்தால் அதுவும்.

செய்தித்தாளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிப்பதே முறை. வெட்டிய விளிம்பு தடித்து, ஒட்டிய இடத்தில் வரம்பு போல் தெரியும். கிழித்த விளிம்பிலோ நார்கள் நீட்டிக்கொண்டிருப்பதால், ஒன்றோடொன்று கலந்து படிந்துவிடும். செய்தித்தாள் ஒரு திசையில் நேராகவும், மறு திசையில் கோணலாகவும் கிழியும். எத்திசையில் நேராகக் கிழிகிறது என்று பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஆலையில் தாள் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிவதே இதற்குக் காரணம்.

பசை காய்ச்சும் முறை

ஒரு குவளை மாவை ஒரு குவளை குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்துக்கொள்ளுங்கள். நான்கு குவளை நீரைக் கொதிக்கவைத்து, கரைத்த மாவை மெல்ல ஊற்றிக் கிளறுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் கலவை கஞ்சிபோல் தடித்து, சற்றே கண்ணாடித் தன்மை அடையும். உப்பைச் சேர்த்து இறக்கி, ஆறவிடுங்கள். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. கொதிக்கும் பசை தோலில் ஒட்டிக்கொள்வதால், வெந்நீரைவிடக் கடுமையான புண் உண்டாகும்.

மாவைக் காய்ச்சாமல் பச்சையாகக் கரைத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். மாவில் உள்ள நுண்ணிய மணிகள் சூட்டில் நீரை உறிஞ்சி உப்பி வெடித்தால்தான் பிடிப்பு உண்டாகும். பச்சைக் கரைசலும் ஒட்டும். ஆனால் காய்ச்சிய பசையின் உறுதி அதற்கு வராது. இப்பசை இரண்டு நாட்களுக்கு மேல் நில்லாது. புளித்த வாடை வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள்.

இலை செய்தல்

பொறுக்கி வந்த இலையிலிருந்து ஒரு சிற்றிலையை எடுத்து, நரம்புகள் புடைத்துள்ள அடிப்புறம் மேலே இருக்குமாறு பலகையில் வையுங்கள். அதன்மேல் எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். எண்ணெய் இல்லாவிடின் தாள் இலையோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது கிழியும்.

கட்டைவிரல் அளவுக்குக் கிழித்த தாள் துண்டுகளைப் பசையில் தோய்த்து, மிகுதியான பசையை விரலால் வழித்துவிட்டு, இலைமேல் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி ஒட்டுங்கள். நரம்பின் இருபுறமும் விரல் நுனியால் அழுத்திவிடுங்கள். முதல் அடுக்கை நெடுக்கிலும், இரண்டாம் அடுக்கைக் குறுக்கிலும், மூன்றாம் அடுக்கை மீண்டும் நெடுக்கிலும் ஒட்டுவது நல்லது. நார்கள் குறுக்கும் நெடுக்குமாக அமையும்போது பொருள் உறுதி பெறும். பாய் முடைவதும் அவ்வாறுதானே!

மூன்று அடுக்குகள் போதும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் உலர்த்துங்கள். அடுக்குகள் தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் உண்மையான இலையை மெல்ல உரித்தெடுத்தால், அதன் நரம்புகள் அனைத்தும் தாளில் பதிந்திருக்கக் காணலாம். விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் தாளை வெட்டிச் சீர்படுத்தி, முழுவதும் காயவிடுங்கள். வெயில் நாளாயின் ஓரிரு நாட்கள் ஆகும். உலரும்போது இலை சற்றே சுருளும்; அதனை நிமிர்த்த வேண்டியதில்லை. உதிர்ந்த இலையின் இயல்பே சுருள்வதுதான். இவ்வாறு மூன்று சிற்றிலைகள் செய்து, உதிர்ந்த உண்மையான இலைக்காம்பு ஒன்றில் நூலால் கட்டி, மேலே ஒரு தாள் துண்டை ஒட்டினால், ஒரு முழு ரப்பர் இலை ஆயத்தமாகிவிடும்.

காய் செய்தல்

மீதமுள்ள தாள்களைச் சிறு சிறு துண்டுகளாகக் கிழித்து, ஓர் இரவு நீரில் ஊறவையுங்கள். மறுநாள் கையால் பிசைந்தோ, உரலில் இடித்தோ கூழாக்கி, துணியில் இட்டுப் பிழியுங்கள். பிழிந்த கூழ் புட்டு மாவின் பதத்தில் இருக்க வேண்டும். அதில் சிறிது சிறிதாகப் பசையைச் சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவைப் போல் உருட்ட வரும்.

உலர்ந்த தாளைக் கசக்கி, நெல்லிக்காய் அளவில் மூன்று உருண்டைகள் செய்து, ஒன்றையொன்று தொடும்படி நூலால் கட்டுங்கள். அதன்மேல் கூழை அரை விரல் கனத்துக்குள் பூசி, மூன்று புடைப்புகளும் தெரியுமாறு அழுத்திவிடுங்கள். புடைப்புகளுக்கு இடையே ஈர்க்குச்சியால் கோடு கீறினால் காய் வெடிக்கும் இடம் தெரியும். கூழ்ப் பொருள் உலர நான்கைந்து நாட்களாகும். வெளியே காய்ந்தும் உள்ளே ஈரமாக இருந்தால் பூஞ்சை பிடிக்கும். ஆதலின், கன்னத்தில் வைத்துப் பார்த்துக் குளிர்ச்சி தெரியாத வரை உலரவிடுங்கள். மழை நாட்களாயின், அடுப்புக்கு எட்டத்தில், சூடு படும் இடத்தில் வைக்கலாம்.

நீரில் கரைந்த தாள் மீண்டும் கெட்டியாவது எவ்வாறு? தாள் என்பது மரத்தின் நார்களே. நனையும்போது நார்கள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. நீர் வற்றும்போது மீண்டும் நெருங்கிப் பற்றிக்கொள்கின்றன. இடையிலுள்ள வெளியைப் பசை நிரப்புகிறது.

வண்ணம் தீட்டுதல்

செய்தித்தாளின் கறுப்பு எழுத்து மறைவதற்காக, முதலில் சுண்ணக்கட்டித் தூளைப் பசையிற் கரைத்து மெல்லியதாக ஒரு பூச்சுக் கொடுங்கள். தடித்துப் பூசினால் நரம்புகள் மறைந்துவிடும். காஷ்மீரத்தார் இடும் வெண்பூச்சும் இதே காரணத்துக்காகத்தான்.

வண்ணங்களுள் பெரும்பாலானவை வீட்டிலேயே இருக்கின்றன. மஞ்சள் தூளை நீர்த்த பசையிற் குழைத்தால் மஞ்சள் இலை. தோட்டத்துச் செம்மண்ணைத் துணியில் சலித்துக் குழைத்தால் செம்பு நிறக் கொழுந்து. திடமான காப்பி நீர் பழுப்பு இலைக்கு உதவும். சிவப்புக்கு நமக்குத் தெரிந்த வழியே உண்டு: ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் ஒரு துளி சுண்ணாம்பு பட்டதும் நீர் சிவப்பதைக் காணாத தமிழ்ப் பிள்ளை இல்லை. அச்சிவப்பே இலையுதிர் காலத்தின் சிவப்பு. ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் தீங்கு விளைவிக்கும். எனவே, அதனைப் பெரியவர்களே கலக்க வேண்டும். பச்சைக்குப் பள்ளி வண்ணப் பெட்டி போதும். மஞ்சளால் பெறும் வண்ணங்கள் நாள்படச் சற்று மங்கும். அடுத்த ஆண்டு இலையுதிரும்போது பிள்ளைகள் புதிய தோரணம் செய்வார்கள்.

தோரணம் கட்டுதல்

மாவிலைத் தோரணம் கட்டுவது போலவே இதனையும் கட்டலாம். ஆனால் இலைகளை மனம்போன போக்கில் கோக்காமல், ஓர் ஒழுங்கில் கோப்பது சிறப்பு. இடக்கோடியில் ஒரு பச்சை இலை. அடுத்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, பழுப்பு. அதன்பின் ஓரிரு விரற்கடை வெற்றுக் கயிறு. அது இலையற்று நிற்கும் மரம். பின்னர்ச் செம்பு நிறக் கொழுந்து, மீண்டும் பச்சை, இறுதியில் காய். இவ்வாறு கோத்தால், மரத்தின் ஓராண்டு வாழ்வு முழுவதும் வாசற்படியின்மேல் தொங்கும். வீட்டுக்கு வரும் உறவினர்க்கு அதனை விளக்கிச் சொல்லும் பொறுப்பைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். ஒரு பொருளைச் செய்வது ஒரு பாடம். அதனைப் பிறருக்குத் தெளிவாக எடுத்துச் சொல்வது மற்றொரு பாடம்.

தோரணத்தைச் சாமி விளக்கு, அடுப்பு, மின்குமிழ் ஆகியவற்றுக்கு அருகில் தொங்கவிடலாகாது. உலர்ந்த தாள் எளிதில் தீப்பற்றும்.

எந்த வயதில் எந்த வேலை?

மூன்று நான்கு வயதுக் குழந்தை தாளைக் கிழிக்கட்டும், கூழைப் பிசையட்டும். இரு கைகளின் விரல்களும் எதிரெதிராக இயங்கும் அப்பயிற்சி, பின்னர் எழுதுகோல் பிடிக்கும் கைக்கு வலிமை சேர்க்கும். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை இலைமேல் தாளை ஒட்டலாம். ஏழு முதல் ஒன்பது வயது வரை உள்ளோர் காயை உருவாக்கலாம். பத்து வயதுக்கு மேற்பட்டோர் மாவையும் நீரையும் அளந்து கொடுத்து, வண்ணம் கலந்து, தோரணத்தைக் கோக்கலாம். ஒரு குவளை மாவுக்கு ஐந்து குவளை நீர் எனில், அரைக் குவளைக்கு எவ்வளவு என்று கேட்டால், கணக்குப் பாடமும் உடன் நடக்கும்.

இலை கோணலாயிருப்பின் திருத்த முற்படாதீர்கள். பிள்ளை உறங்கியபின் பெற்றோர் அதனை அழகுபடுத்தி வைப்பது அன்பினால் செய்வதாயினும், தன் கை செய்தது போதாது என்ற எண்ணத்தைப் பிள்ளைக்குத் தந்துவிடும்.

கவனத்திற் கொள்ள வேண்டியவை

பூச்சி மருந்து, களைக்கொல்லி, பாலை உறையவைக்கும் அமிலம் ஆகியவை இருந்த கலன்களை எவ்வளவு கழுவினாலும் இவ்வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும், பழைய கலன்கள் எங்கேனும் கிடக்கக்கூடும். பிள்ளைகள் அவற்றைத் தொடலாகாது.

ரப்பர் விதைகளைப் பிள்ளைகள் விளையாட்டாகப் பொறுக்குவது இயல்பு. பச்சை விதையின் பருப்பில் சயனைடு என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும் பொருள் உள்ளது. எனவே, அதனை வாயில் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். சிறு குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் விதைகளை வைக்க வேண்டாம்.

தாள் ஊறவைத்த வாளியை மூடி வையுங்கள். வேலை முடிந்ததும் நீரைக் கொட்டிவிடுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஏறத்தாழ ஒரு வாரத்தில் புதிய கொசுக்கள் வெளிவரும். டெங்கிக் காய்ச்சல் பரவுவது அவற்றால்தான்.

இலை பொறுக்கும்போது மற்றொன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பருவத்தில் உதிரும் இலை முழுவதும் நிறம் மாறி உதிரும். பழுப்பு நிறத்தில் வட்ட வட்டமான புள்ளிகள் தோன்றி, அவை பெரிதாகி, பருவமல்லாப் பருவத்தில் இலை உதிருமாயின் அது நோயாகும். பெஸ்டலோசியாப்சிஸ் என்னும் பூஞ்சையோடு தொடர்புடைய இலையுதிர்வு நோய் 2017 ஆம் ஆண்டு முதல் மலேசியாவிலும் காணப்பட்டு வருகிறது. அது மரத்தின் இலைப்பரப்பைக் குறைத்துப் பாலையும் குறைத்துவிடும். அத்தகைய இலைகளைக் கண்டால் வீட்டுக்குக் கொண்டு வராமல், எந்த நிரையில் கண்டீர்கள் என்பதை மண்டோரிடம் உடனே தெரிவியுங்கள். நல்ல இலையை உற்று நோக்கிப் பழகிய கண்ணே நோயுற்ற இலையை விரைவில் கண்டுகொள்ளும்.

பெற்றோரே ஆசிரியர்

"நாங்கள் அதிகம் படிக்காதவர்கள், பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?" என்று வருந்தும் பெற்றோர் பலர். இக்கைவேலையை ஒருமுறை செய்து பார்த்தால் அவ்வருத்தம் தேவையற்றது என்பது விளங்கும். இலை எந்த வாரத்தில் கொட்டும், எந்த நிரை முதலில் துளிர்க்கும், எத்தனை பொழுது வெட்டினால் பால் நன்கு ஓடும் என்பவற்றை யார் அறிவார்? விடியுமுன் மரத்தினுள் நீரின் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக ஓடுகிறது என்று நூல் கூறும். நூலைப் படியாமலே நாள்தோறும் விடியுமுன் நிரைக்குச் செல்பவர்கள் நீங்கள்.

மற்றுமொரு சான்று கூறலாம். ரப்பர் விதையின் மேலோடு தாய் மரத்தின் உடலிலிருந்தே உருவாகிறது. ஆகவே, ஒரு மரத்தின் விதைகள் அனைத்தும் ஒரே வடிவும் ஒத்த கோலமும் உடையவை. விதையைப் பார்த்து இன்ன இனத்து மரம் என்று நிபுணர் சொல்வது இதனால்தான். பல ஆண்டுகள் ஒரே நிரையில் வெட்டியவர், விதையை எடுத்துக் காட்டினால், இது இன்ன மரத்தடியில் கிடந்தது என்று சொல்லக்கூடும். இதனைப் பிள்ளை அறிந்தால், தந்தையின் தொழிலைப் பற்றி அது கொண்டுள்ள மதிப்பு உயரும்.

1877 ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுட் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர்ப் பல இலட்சம் ஏக்கரில் பரவிய இம்மரத்தின் அடியில் உழைத்தவர்களுள் பெரும்பகுதியினர் நம் முன்னோர். அவர்கள் இம்மரத்தைப் பற்றி அறிந்தவற்றுள் பெரும்பகுதி எழுதி வைக்கப்படவில்லை, வாய்மொழியாகவே வந்தது. நம் பிள்ளைகள் கல்வி கற்று வேறு தொழில்களுக்குச் செல்வார்கள், செல்லவும் வேண்டும். ஆனால் நிரை, மங்கு, ஒட்டுப்பால், கொழுந்து என்னும் சொற்களும், அச்சொற்களுக்குப் பின்னுள்ள அறிவும் நம் தலைமுறையோடு நின்றுவிடக் கூடாது. பிள்ளையை எதிரில் உட்காரவைத்து இவற்றை உரையாக நிகழ்த்தினால் அது எழுந்து ஓடிவிடும். கைகள் பசையில் அளைந்துகொண்டிருக்கும்போது சொன்னால், தானாகவே கேட்டுக்கொண்டிருக்கும்.

ஆகவே, இவ்வாண்டு இலையுதிரும் வாரங்களில், வெட்டு இல்லாத ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்குங்கள். கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் சற்று நேரம் ஒதுக்கி வைத்து, பழைய தாளை முற்றத்தில் விரியுங்கள். ஆயாக் கொட்டகையிலும், தமிழ்ப் பள்ளியிலும், கோயில் மண்டபத்திலும் பல குடும்பங்கள் கூடியும் இதனைச் செய்யலாம். தோட்டத்து வாசல்களில் மாவிலைத் தோரணத்தோடு ரப்பர் இலைத் தோரணமும் தொங்கட்டும். அதனைக் காட்டி, இது எங்கள் அப்பா வெட்டும் மரத்தின் இலை என்று ஒரு பிள்ளை பெருமையோடு சொல்லுமாயின், குறைந்த பாலின் மாதமாகிய அம்மாதத்திலும் நமக்கு ஒரு விளைச்சல் உண்டு.